எரிந்த கடையை எப்படி மூடுவது?

கேள்வி: யாழ்ப்பாணம் பெரியகடைப் பகுதியில் எங்கள் பழைய கடை தீப்பிடித்து யன்னல்கள் எரிந்துவிட்டன. பலகை அடித்து மூடலாமா? – வாசகி, நல்லூர்

பதில்: மூடத்தான் வேண்டும், தங்கச்சி. முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். காப்புறுதிக்குப் படங்களும் எடுத்துவிடுங்கள். கரிந்த யன்னல் நிலைச் சட்டத்தில் ஆணி பிடிக்காது. பிளைவூட்டை வெளியே வைத்து, உள்ளே யன்னலைவிட அகலமான குறுக்குச் சட்டம் கொடுத்து, இரண்டையும் நீண்ட போல்ட்டால் இறுக்குங்கள். நட்டு உட்புறம் இருக்கட்டும்.

சுவரை மட்டும் துளைக்கவே வேண்டாம். நம் பழைய சுவர்கள் பல சுண்ணாம்புக்கல். கடுஞ்சூட்டில் வெந்த கல் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். மழை பட்டால் பொருமி, கைபட்டாலே உதிரும். இதைக் கவனியாமல் விடுகிறார்களே என்பதுதான் என் கவலை. ஐப்பசி மழைக்கு முன் மேலே தறப்பாள் கட்டுங்கள். பலகையில் காற்றுத் துளைகள் விடுங்கள். பொறியியலாளர் பார்க்கும்வரை பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது.