தண்ணீர் கேட்கும் சோப்பு: சவரம் பற்றி வாசகர் கேள்விகள்

கோவையில் இருந்தவரை மிட்செல்ஸ் ஊல் ஃபேட் சவர சோப்பு அருமையாக நுரைத்தது. சென்னைக்கு வந்தபின் போர் தண்ணீரில் அதே சோப்பு, அதே பிரஷ். ஆனால் பாதிச் சவரத்திலேயே நுரை அடங்கிவிடுகிறது. சோப்பு கெட்டுவிட்டதா?

சோப்பு கெடவில்லை, தண்ணீர்தான் மாறியிருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் மென்னீர். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு அவை சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடாகின்றன. வாளியின் ஓரத்தில் படிவதும் இதே கசடுதான்.

உப்புத் தண்ணீர் சோப்பில் பாதியைத் தின்றுவிடும் என்பார்கள். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. வேறு நீர் கிடைக்காத இடங்களில் குடிநீருக்கு இந்தியத் தர அளவு அனுமதிக்கும் உச்சக் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 600 மில்லிகிராம். அப்படிப்பட்ட தண்ணீர் 15 மில்லி நுரையில் சேர்ந்தால்கூட, ஏறக்குறைய 60 மில்லிகிராம் சோப்பைத்தான் வீணாக்கும். ஒரு சவரத்துக்கு நாம் எடுப்பது ஒரு கிராமுக்கு மேல். ஆகவே சோப்பு குறைவதைவிடக் கசடுதான் பெரிய கெடுதல். அந்தத் துகள்கள் நுரைக் குமிழின் மெல்லிய சுவரை உடைத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு டம்ளர் கேன் தண்ணீர் போதும். அதிலேயே பிரஷை ஊறவைத்து, அதையே நுரைக்கவும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்தையும் கடைசியாக அதே தண்ணீரால் ஒருமுறை நனைத்துக்கொள்ளுங்கள். ரேசரை அலச போர் தண்ணீரே போதும். கேன் தண்ணீர் இல்லாத அன்று பிரஷைச் சோப்பின் மேல் பத்து விநாடி கூடுதலாகச் சுழற்றிக்கொள்ளலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்தபின் மேலாக இறுத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் போகும். எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டாம். அமிலம் அதிகமானால் சோப்பே முறிந்து கொழுப்பு அமிலமாகிவிடும்.

பிரஷை எவ்வளவு சுழற்றினாலும் எனக்குக் கிடைப்பது சோப்புக் குமிழிதான், நுரையல்ல. எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் முதல் அரை நிமிடத்தில். பிரஷில் சோப்பு போதுமான அளவு ஏறுவதற்கு முன்பே தண்ணீர் சேர்ந்துவிடுகிறது.

பன்றி முடிப் பிரஷ் என்றால் கைபொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். பேட்ஜர் என்ற விலங்கின் முடிக்கு ஒரு நிமிடம் போதும். செயற்கை இழை நனைந்தாலே போதும். கொதிநீர் எதற்கும் கூடாது. ஊறிய பிரஷைப் பிழிந்து இரண்டு உதறு உதறுங்கள். பிறகு சோப்பின் மேல் முடி சற்று விரியும் அளவுக்கு அழுத்தி 30 விநாடி சுழற்றுங்கள். மிட்செல்ஸ் போன்ற கெட்டிச் சோப்புக்கு 45 விநாடிகூடத் தேவைப்படும். இத்தாலியின் சேல்லா போன்ற மென்சோப்புக்கு 15 போதும். முதலில் வரும் பெரிய குமிழிகள் மறைந்து, முடி நுனியெல்லாம் பசைபோல ஒட்டிக்கொண்டால்தான் சோப்பு ஏறியதாகக் கொள்ளலாம்.

அதன்பின் கிண்ணத்துக்கு மாற்றி, அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டு 20 விநாடி சுழற்றுங்கள். மறுபடி அரை டீஸ்பூன். இப்படி நான்கைந்து முறை. இங்கே பொறுமை வேண்டும். நுரை மலைபோல எழும்பி, கூர்நுனியோடு விறைத்து நிற்கும்போது பார்க்க அழகாக இருப்பதால் பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது இன்னும் தண்ணீர் கேட்கும் நுரை. கன்னத்தில் தடவினால் ஒரு நிமிடத்தில் ஓரம் காய்ந்து, பிளேடு இழுபடும். இன்னும் தண்ணீர் சேர்த்தால் உயரம் குறைந்து, கடைந்த தயிர்போலப் பளபளப்பு வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் வழுக்க வேண்டும். அதுதான் சவரத்துக்கான நுரை.

தண்ணீர் கூடிப்போய்க் குமிழி தெரிந்தால் கொட்டிவிடாதீர்கள். பிரஷைப் பிழிந்து, சோப்பின் மேல் மறுபடி ஏழெட்டுச் சுற்று கொடுத்துக் கிண்ணத்தில் கலந்தால் சரியாகிவிடும்.

கைவினைச் சவர சோப்பு என்று விற்பதெல்லாம் உண்மையில் சவர சோப்புதானா? சைவர்கள் எதைப் பார்த்து வாங்குவது?

உறையிலுள்ள சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகமுள்ள பொருள் முதலில் வரும். ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் முன்வரிசையில் இருந்தால் நல்ல அறிகுறி. பொட்டாசியம் ஸ்டியரேட், பொட்டாசியம் கோகோவேட் என்றும் எழுதியிருப்பார்கள். பொட்டாசியம் சோப்பு எளிதில் கரைந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிக் அமிலம் நுரையை நிலைநிறுத்தும். சோடியம் சோப்பு கட்டிக்கு உறுதி தரும். சோடியம் மட்டுமே இருந்து தேங்காயெண்ணெய் மிகுந்திருந்தால் அது குளியல் சோப்புக்கு நெருக்கமானது. பொங்கி எழும், சீக்கிரம் அடங்கும், தோலையும் வறட்டும்.

டாலோவேட் என்று முடியும் பெயர் விலங்குக் கொழுப்பு. துருக்கியின் ஆர்கோ குச்சியில் அது உண்டு. ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் விலங்கிலிருந்தும் வரலாம், தாவரத்திலிருந்தும் வரலாம். தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் நம்புங்கள். மிட்செல்ஸில் உள்ள லனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு.

இரண்டு சோப்புகளை நியாயமாக ஒப்பிட என்ன வழி?

மணத்தை முதலில் ஒதுக்கிவையுங்கள். 1899-இல் மிலானில் தொடங்கிய சேல்லாவின் பாதாம் வாசனையும் ஃபுளோரன்ஸின் புரோராசோ பச்சை வகையின் யூகலிப்டஸ் குளிர்ச்சியும் மனதை எளிதில் சாய்த்துவிடும். மெந்தாலின் குளிர்ச்சி எரிச்சலையும் கொஞ்சம் மறைக்கும்.

நகைத் தராசில் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். கெட்டிச் சோப்பைத் துருவிக்கொள்ளலாம். செயற்கை இழைப் பிரஷ் ஒன்றையே இரண்டுக்கும் ஒரே அளவு பிழிந்து பயன்படுத்துங்கள். முதலில் 5 மில்லி தண்ணீர், பிறகு 2.5 மில்லி வீதம், ஒவ்வொரு முறையும் 20 விநாடி சுழற்று. எத்தனையாவது மில்லியில் பளபளப்பு வந்தது, எத்தனையாவது மில்லியில் நுரை உடைந்தது என்று குறியுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் எங்கள் பார்வையில் முதல் மதிப்பெண். இடைவெளி அகலமாக இருந்தால் அவசரமான காலையிலும் அந்தச் சோப்பு கைவிடாது.

பிறகு முகம். இடக் கன்னத்தில் ஒன்று, வலக் கன்னத்தில் மற்றொன்று, ஒரே பிளேடு. மறுமுறை பக்கத்தை மாற்றுங்கள். முடி சாயும் திசையும் கைப்பழக்கமும் இரு பக்கமும் ஒன்றல்ல. மழித்த இடத்தில் ஈரவிரலை ஓட்டுங்கள். அங்கே வழுவழுப்பு மிச்சமிருந்தால் விட்ட இடத்தை மறுபடி நுரை பூசாமலே தொடலாம். ஆஃப்டர் ஷேவ் போடாமல் பத்து நிமிடம் கழித்துத் தோல் இறுகுகிறதா என்று பாருங்கள். மூன்று சவரமாவது ஆகாமல் தீர்ப்பு வேண்டாம்.

முதல் மழிப்புக்குப் பின் படிகாரக் கல் தேய்த்துவிட்டு இரண்டாம் முறை நுரை பூசினால் நிற்கவே மாட்டேன் என்கிறது.

படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. அதுவும் கால்சியத்தைப் போலவே சோப்பைக் கரையாத கசடாக்கும். படிகாரத்தை எல்லா மழிப்பும் முடிந்து முகம் கழுவிய பிறகு தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் விட்டுக் குளிர்ந்த நீரில் கழுவிவிடுங்கள்.