தளை தட்டும் இடம்: எழுதுவோர் கேள்வி பதில்

கேள்வி: என் குறள் வெண்பாவில் தளை தட்டுகிறது என்று தமிழாசிரியர் சுழித்துக் கொடுத்துவிட்டார்.

‘ஏற்காட்டு மலையில் மழைவந்தால் காப்பிப்பூ
காற்றெல்லாம் பூக்கும் வாசனை.’

பிழை எங்கே? – வாசகர், ஆத்தூர்

பதில்: மூன்று இடங்களில். ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறைதான் தளை, அது பிசகினால் தளை தட்டும். அலகிட்டுப் பாருங்கள், அதாவது சீரை அசைகளாகப் பிரியுங்கள். குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ வந்தால் நேரசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரையசை. ஏற்-காட்-டு, நேர் நேர் நேர்: இந்த அமைப்புக்கு வாய்பாட்டுப் பெயர் தேமாங்காய். வெண்பாவில் இப்படிக் ‘காய்’ என்று முடியும் காய்ச்சீருக்குப் பின் நேரசைதான் வரவேண்டும், ‘மலை’ நிரையசை. அடுத்து, ‘பூக்கும்’ நேர் நேர், தேமா என்ற மாச்சீர். மாச்சீருக்குப் பின் நிரை வேண்டும், ‘வா’ நேர். மூன்றாவது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்கவேண்டும், ‘வாசனை’ நேர் நிரை, கூவிளம். இரண்டே சொற்களை மாற்றினால் போதும்:

ஏற்காட்டுக் குன்றில் மழைவந்தால் காப்பிப்பூ
காற்றெல்லாம் பூக்கும் மணம்.

‘குன்’ நேர், ‘மணம்’ நிரை. மணம் மலர் வாய்பாட்டிலும் அடங்கிவிடுகிறது. ஏற், காற் என்று இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகையை நீங்களே சரியாகப் போட்டிருக்கிறீர்கள். செய்தியிலும் பிழையில்லை: மார்ச், ஏப்ரலில் பூமழை, அதாவது காப்பியைப் பூக்க வைக்கும் கோடைமழை, விழுந்து பத்து நாளுக்குள் காப்பிச் செடி வெள்ளையாகிவிடும். தளைக்காக அதை ஆடி மாதத்தில் பூக்க வைக்காமல் விட்டீர்களே, அதற்கே ஒரு சபாஷ்.

கேள்வி: புதுக்கவிதையில் வரியை எங்கே உடைப்பது? – வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: கவிதை முழுவதையும் ஒரே வரியாக, உரைநடைபோல எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது உரைநடைதான். எண்டர் தட்டியதால் கவிதை ஆகாது. தறி ஓடும் உங்கள் தெருவையே எடுத்துக்கொள்வோம்:

தறி நின்றதும்
கேட்கிறது
பக்கத்து வீட்டுத் தறி

‘கேட்கிறது’ தனியே நிற்கும் அந்த நொடியில் வாசிப்பவர் காதைத் தீட்டுகிறார். ‘பக்கத்து / வீட்டுத் தறி’ என்று உடைத்திருந்தால் அந்த இடைவெளிக்கு வேலையே இல்லை. இதில் வினை முன்னால் வந்து நிற்பதையும் கவனியுங்கள். தமிழில் வினை இயல்பாகக் கடைசியில் வரும். அதை முன்னே தள்ளுவது ஒரு கவிதைக்கு ஒருமுறை என்றால் எடுபடும், வரிக்கு வரி என்றால் நாடக வசனம்.

கேள்வி: ஏற்காட்டை வைத்து ஒன்பது கதைகள் எழுதினேன், ஒன்பதும் திரும்பிவிட்டன. ‘வர்ணனை அழகு, கதையைக் காணோம்’ என்கிறார்கள். – வாசகர், ஏற்காடு

பதில்: மலைக் கதைகளில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. சேலத்தில் பஸ் ஏறுகிறார்கள், 20 கொண்டை ஊசி வளைவையும் ஒவ்வொன்றாகக் கடக்கிறார்கள், அதன் பிறகுதான் கதாநாயகன் வாய் திறக்கிறான். 1,500 சொல் கதையில் 400 அங்கேயே போய்விடும். கதையை மேலே, ஏதோ நடந்துகொண்டிருக்கும்போது தொடங்குங்கள்.

இன்னொன்று, உங்கள் பனிமூட்டம் யாருடைய கண்ணில் படுகிறது? ‘வெண்பஞ்சுப் பொதி’ என்பது இரண்டு நாள் வந்து போகிறவர் பார்க்கும் பனி. எஸ்டேட்டில் வேலை செய்கிறவளுக்குப் பனி வந்தால் களத்தில் காயும் காப்பியின்மேல் தார்ப்பாய் போட ஓடவேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். எல்லோரும் ஓடும்போது ஒருத்தி மட்டும் ஓடாமல் நிற்கிறாள் என்று வையுங்கள். ஏன் நிற்கிறாள்? அந்த இடத்தில் கதை பிடிபடும், பனியும் கூடவே வந்துவிடும். எழுதி முடித்ததும் வர்ணனை வரிகளைப் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். ஆள் எடுக்கும் முடிவு எந்த வரி இல்லாமல் புரியாமல் போகிறதோ, அதை மட்டும் திரும்பச் சேருங்கள்.

ஒன்பது திரும்பியதற்குக் கலங்க வேண்டாம். ஒன்பதுக்கும் ஒரே காரணம் சொல்லியிருக்கிறார்கள். திருத்த வேண்டியதும் ஒன்றுதான்.

கேள்வி: கொலுசுப் பட்டறைக் கதை. பேச்சை அப்படியே எழுதலாமா? – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பேச்சில் எழுதலாம், கதைசொல்லியை எழுத்துத் தமிழிலேயே விடுங்கள். ஒலிப்பை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் வாசகர் எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிடுவார். ‘சொல்லுங்க’, ‘வந்துட்டுப் போறேனுங்க’ என்று இரண்டு மூன்று அடையாளங்கள் போதும். ‘பற்றவைப்பு’, ‘மெருகு’ போன்ற தொழிற்சொற்களுக்குப் பக்கத்திலேயே விளக்கம் எழுதாதீர்கள். கை என்ன செய்கிறது என்று காட்டினால் சொல் தானே புரியும்.

கேள்வி: ஒரே கதையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாமா? – வாசகி, ஓமலூர்

பதில்: கூடாது. இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்திவிடும். மூன்று மாதம் பொறுங்கள், ஒரு வரியில் விசாரியுங்கள், பதில் இல்லையென்றால் ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஃபேஸ்புக்கில் போட்ட கதையைப் பிரசுரமானதாகவே பல இதழ்கள் கணக்கில் எடுக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள்; நோட்டுப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் யாரும் உட்கார்ந்து தட்டமாட்டார்கள்.