நெல் அறுவடை இயந்திரத்துக்குப் பெல்ட் நல்லதா, ரயர் நல்லதா?

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து ஒரு கமக்காரர் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே வேறொருவர் பாவித்த அறுவடை இயந்திரம் ஒன்றைச் சகோதரர்கள் மூவரும் சேர்ந்து வாங்க எண்ணியிருக்கிறார்கள். தங்கள் வயலை அறுத்த பின்னர் தனங்கிளப்பு, மறவன்புலவு, நாவற்குழிப் பகுதிகளிலும், நேரம் கிடைத்தால் கிளிநொச்சியிலும் வாடகைக்கு ஓடவிடுவது அவர்களுடைய திட்டம். ஒரே விலையில், சில்லுகளுக்குப் பதிலாக அகன்ற இறப்பர் பெல்ட் பூட்டிய இயந்திரம் ஒன்றும் ரயர் பூட்டியது ஒன்றும் கிடைக்கின்றன. எதை எடுப்பது என்பது அவருடைய முதற் கேள்வி. பெல்ட் அவ்வளவு நல்லதென்றால் தங்களுடைய நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கும் அதைப் பூட்டலாமா என்பது இரண்டாவது.

அறுவடைக்குப் பெல்ட் இயந்திரத்தையே எடுங்கள். உழவு இயந்திரத்தை ரயரிலேயே விடுங்கள். இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இயந்திரம் வயலில் இறங்கும் நாளில் மண் எவ்வளவு ஈரமாக இருக்கும் என்பதே இதைத் தீர்மானிக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல் மழையை நம்பிய ஒரு போகப் பயிர். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்த பின்னர், தை, மாசி மாதங்களில் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, நடக்கிறது. மேட்டு வயல்கள் அதற்குள் காய்ந்துவிடும். ஆனால் கடல்நீரேரியை அண்டிய தாழ்ந்த வயல்களில் மேல்மண் வெடித்துக் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் நாலு அங்குலத்துக்குக் கீழே சேறு இருக்கும். தையில் எதிர்பாராத மழை ஒன்று பெய்தால் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்க, வயல் மறுபடி நீர் கட்டிவிடும். வாடகைக்கு இயந்திரம் தேடி எல்லோரும் ஓடுவது அந்த நாட்களில்தான். ரயர் இயந்திரம் அப்போது வீதியோரத்தில் நிற்கும்.

ஏன் அப்படி என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 3,000 கிலோ எடையுள்ள ஓர் இயந்திரத்தின் இரண்டு பெல்ட்டுகளும் தலா 45 சென்ரிமீற்றர் அகலமும், நிலத்தில் படியும் நீளம் 150 சென்ரிமீற்றரும் கொண்டவை என்று வைத்துக்கொண்டால், நிலத்தைத் தொடும் பரப்பு 13,500 சதுர சென்ரிமீற்றர். ஆகவே ஒரு சதுர சென்ரிமீற்றரில் விழும் பாரம் ஏறத்தாழ 0.22 கிலோ. நடந்து போகும் ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றும்போது மண்ணில் விழும் அழுத்தம்கூட இதைவிடச் சற்று அதிகம். ரயருக்கோ வேறு கணக்கு. அது நிலத்தில் கொடுக்கும் அழுத்தம், உள்ளே அடைத்துள்ள காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும்; சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் காற்று என்றால் அது சதுர சென்ரிமீற்றருக்கு 1.4 கிலோ, அதாவது மேற்சொன்ன பெல்ட்டைப்போல ஆறு மடங்கு. 1904 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் தம்முடைய நீராவி இயந்திரத்தின் பின் சில்லுகளைக் கழற்றிவிட்டுச் சங்கிலித் தடம் பூட்டிப் பார்த்ததற்கும், அங்குள்ள ஆற்றுக் கழிமுகத்தின் இளகிய மண்ணில் சில்லுகள் புதைந்ததே காரணம்.

இந்தக் கணக்கை நம்பி எந்தச் சேற்றிலும் இறங்கிவிடவும் கூடாது. 0.22 என்பது சராசரி மட்டுமே. பெல்ட்டைத் தாங்கும் உருளைகளுக்கு நேர் கீழே அழுத்தம் அதைப்போல இரண்டு, மூன்று மடங்காகக்கூட உயரும். தானியப் பெட்டி நிரம்பும்போது பாரம் கூடுவதோடு ஒரு பக்கமாகவும் சாயும். பெல்ட் எடையைப் பரப்புமே தவிர, குறைக்காது; மேல்மண் இறுகுவது அழுத்தத்தால் என்றாலும், ஆழமான மண் இறுகுவதை இயந்திரத்தின் மொத்த எடையே பெரிதும் தீர்மானிக்கிறது. எனவே இரண்டு பெல்ட் இயந்திரங்களில் ஒன்றைத் தெரிவு செய்ய நேர்ந்தால் எடை குறைந்ததை எடுங்கள். வயலில் இறங்குவதற்கு முன்னர், தாழ்ந்த மூலையில் வெறுங்காலுடன் நடந்து பாருங்கள். கணுக்காலுக்கு மேல் புதைந்தால், வயல் உரிமையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், இரண்டு நாள் பொறுப்பதே அவருக்கும் நல்லது.

அது ஏன் அவருக்கு நல்லது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நெல் வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய படை ஒன்று பல ஆண்டுகளாக உருவாகியிருக்கும். மரக்கறித் தோட்டத்தில் அத்தகைய படை வேரைத் தடுக்கும் கேடு. நெல் வயலில் அதுவே மழைநீரைக் கீழே விடாமல் தாங்கிப் பிடிக்கிறது. வாய்க்கால் நீர் இல்லாத நமது வயல்களுக்கு அதன் அருமை இரட்டிப்பு. பாரமான ரயர் சேற்றில் புதைந்து சுழலும்போது இந்தப் படையைக் கிழித்துவிடுகிறது. அடுத்த மழையில் அந்தத் தடத்தின் வழியே நீர் இறங்கிப் போகும். மேலும், நாம் மழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கிறவர்கள். மாசியில் விழுந்த ஆழமான தடம் வெயிலில் கல்லாய் இறுகி ஆவணி வரை கிடக்கும். அதை உழுது சமப்படுத்தினாலும் விதை ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் விழுந்து, பயிர் ஒருசீராக முளைக்காது. ஒரு நாள் அவசரம் அடுத்த போகத்தையும் கெடுக்கும் என்பதை வாடகைக்கு ஓடுகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும், வயல் அவர்களுடையதல்ல.

பெல்ட் இயந்திரம் திரும்பும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு பக்கத்துப் பெல்ட்டை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டியே அது திரும்புகிறது. நின்ற இடத்தில் திருப்பினால் மண்ணை வழித்துக் குவித்துவிடும், பெல்ட்டின் விளிம்பும் கிழியும். நமது வயல்கள் சிறு சிறு துண்டுகளாக இருப்பதால் திருப்பங்கள் அதிகம். ஓட்டுநர் வரம்போரம் வந்து அப்படியே முறுக்காமல், சற்றுப் பின்னெடுத்து முன்னெடுத்துப் படிப்படியாகத் திருப்பப் பழக வேண்டும்.

பெல்ட்டின் உண்மையான பலவீனம் வீதி. தார் வீதியில் நீண்ட தூரம் ஓடினால் இறப்பர் சூடேறித் தேயும்; சுண்ணாம்புக் கல் துருத்தி நிற்கும் ஒழுங்கைகளில் வெட்டுப்படும். சாவகச்சேரியிலிருந்து ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிக்குப் போவதானால் லொறியில் ஏற்றித்தான் போக வேண்டும். அந்தக் கூலியை வாடகைக் கணக்கில் முதலிலேயே சேருங்கள். ஒரு வயலுக்காக மட்டும் போய்த் திரும்பினால் லாபம் லொறிக்கே போய்விடும். ஆகையால் அங்குள்ள இரணைமடுக் குளத்தின் கீழ் அருகருகே பல ஏக்கர் சேர்த்துப் பேசிக்கொண்ட பின்னரே புறப்படுங்கள். உங்கள் வேலை முழுவதும் காய்ந்த மேட்டு வயல்களிலும், வயலுக்கு வயல் பல மைல் வீதி ஓட்டமாகவும் இருந்திருந்தால், நானே ரயர் இயந்திரத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

நீங்கள் குறிப்பிட்ட ஊர்களில் உவரும் உண்டு. பெல்ட்டின் இறப்பருக்குள் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. இறப்பரில் வெட்டு விழுந்து, அதன் வழியே உவர்நீர் உள்ளே போனால், கம்பி துருப்பிடித்து, வெளியே நன்றாகத் தெரியும் பெல்ட் ஒரு நாள் சடுதியாக அறும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் உருளைகளுக்கிடையில் சிக்கிய சேற்றை வழித்தெடுத்து நன்னீரால் கழுவுங்கள்.

இனி உழவு இயந்திரம். நாம் உழுவது பெரும்பாலும் காய்ந்த அல்லது அளவான ஈரமுள்ள மண். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களானால் மழை விட்ட சில நாட்களிலேயே கால் பதிக்கலாம். அதே இயந்திரம்தான் சாமான் ஏற்றும் பெட்டியை இழுத்துச் சந்தைக்கும் போகிறது. இந்த ஓட்டத்துக்குப் பெல்ட் பூட்டுவது பணத்தை வீதியில் தேய்ப்பதாகும். அமெரிக்காவில் பெல்ட் உழவு இயந்திரங்கள் பரவியது மிகப் பெரிய பண்ணைகளில், நம்முடையதைப்போலப் பல மடங்கு வலுவுள்ள இயந்திரங்களில். உங்களுக்குத் தேவையானது காற்றைச் சரியாக வைப்பதே. வயலில் உழும்போது, தயாரிப்பாளர் அட்டவணை அனுமதிக்கும் குறைந்த அழுத்தத்துக்கு இறக்குங்கள். பாரப் பெட்டியோடு வீதியேறும்போது மறுபடி கூட்டுங்கள். ரயர் வழுக்குகிறதா என்று அறிய, பின் ரயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி பத்துச் சுற்றுப் போகும் தூரத்தையும், உழுதபடி பத்துச் சுற்றுப் போகும் தூரத்தையும் அளந்து பாருங்கள். முன்னது 40 மீற்றரும் பின்னது 35 மீற்றருமானால் வழுக்கல் பன்னிரண்டரை வீதம், அது ஏற்றுக்கொள்ளத் தக்கது. 15 வீதத்தைத் தாண்டினால் கலப்பையின் ஆழத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பின் சில்லுக்குப் பாரம் சேர்க்க வேண்டும். சேற்றுழவு வந்தால் இரும்புச் சில்லு போதும். அதை வீதியில் ஓட்டாமல் வயலோரத்தில் வைத்தே பூட்டிக் கழற்றுங்கள்.

வாங்கும் இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது, மணிக்கணக்குக் காட்டும் கருவியை மட்டும் நம்பாமல் பெல்ட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். பெல்ட்டில் துருத்தி நிற்கும் இறப்பர்க் கட்டைகளின் அடியில் வெடிப்போ, வெளியே தெரியும் கம்பியோ இருந்தால் அந்தப் பெல்ட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்யும் தண்டு கடைசி வரை நீண்டிருந்தால் பெல்ட் தளர்ந்துவிட்டது. ஓட்டும் பற்சில்லின் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லையேல் புதுப் பெல்ட்டையும் அது தின்றுவிடும். உருளைகளில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பெல்ட் புதியதும் மற்றது தேய்ந்ததுமாக ஓடினால் இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் மாற்றுவதைச் சோடியாகவே மாற்ற நேரிடும். எனவே புதிய சோடி ஒன்றின் இன்றைய விலையை உதிரிப்பாகக் கடையில் கேட்டறிந்து, அதைக் கேட்கும் விலையிலிருந்து கழித்த பின்னரே பேரத்தைத் தொடங்குங்கள்.