கேளுங்க, சொல்லுகேன்: திருவனந்தபுரமும் நம்ம குமரிப் பக்கமும்

கேள்வி: அண்ணாச்சி, வருஷா வருஷம் நவராத்திரிக்கு பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் எங்க ஊரு வழியாத்தான் திருவனந்தபுரம் போறாங்க. அம்புட்டு பெரிய பட்டணத்துல சாமி இல்லாமயா இங்கருந்து கூட்டிட்டுப் போறாங்க?
வாசகி, களியக்காவிளை

பதில்: சாமிக்கு அங்க என்னம்மா குறைச்சல், தலைநகரம் இங்கருந்து போனதுதான் காரணம். தக்கலை பக்கத்துல நிக்குதே பத்மநாபபுரம் மர அரண்மனை, திருவிதாங்கூர் ராஜாங்கம் அங்கதான் நடந்துச்சு. மார்த்தாண்ட வர்மா 1750ல ராஜ்ஜியத்தையே பத்மநாபசாமிக்கு ஒப்படைச்சுட்டு சாமிக்கு தாசனாத்தான் ஆண்டாரு, அவருக்கு அடுத்து வந்த தர்மராஜா காலத்துல, 18ம் நூற்றாண்டு கடைசில, தலைநகரம் திருவனந்தபுரம் போயிருச்சு, அரண்மனைல நடந்த நவராத்திரி பூஜையும் கூடவே போச்சு. ஆனா சாமிக்கு வீடு இங்கதானே, அதான் யானையும் பல்லக்குமா போயிட்டு திரும்பி வருது. அங்க தங்குறதுக்கு சரஸ்வதிக்கு கோட்டைக்குள்ள நவராத்திரி மண்டபம், முருகனுக்கு ஆரியசாலை கோயில், நங்கைக்கு செந்திட்டை கோயில்.

அந்தப் பட்டணத்தப் புரிஞ்சுக்கணும்னா கிழக்கே கோட்டைல இருந்து ஆரம்பிக்கணும்னு நான் எல்லார்ட்டயும் சொல்லுவேன். கேரளக் கோயில்னா பெரும்பாலும் சாய்ச்சு இறக்கின ஓட்டுக் கூரைதான், உயரமான ராஜகோபுரம் பாக்கது அபூர்வம், ஆனா பத்மநாபசாமிக்கு ஏழு நிலை கோபுரம், உள்ள போனா வரிசையா கருங்கல் தூணு, நம்ம சுசீந்திரத்துல நடக்க மாதிரியே இருக்கும். கோட்டைக்குள்ளயும் வலியசாலை, கரமனை பக்கமும் அக்ரஹாரம் உண்டு, வீட்டோட வீடு ஒட்டி நேர் தெரு, ஆனா பழைய மலையாளத்து வீடு அப்படி இல்ல, சுத்தி தெங்கும் பலாவும் நிக்க தனி வளவுக்குள்ள இருக்கும். ரெண்டு வாழ்க்கை முறையும் ஒரே ஊருக்குள்ள அப்படியே தெரியும். சாலைக் கம்போளத்த உண்டாக்குனது திவான் ராஜா கேசவதாஸ், அவரு நம்ம விளவங்கோட்டுக்காரரு, இன்னைக்கும் அங்க தமிழ் பேசியே சாமான் வாங்கிட்டு வந்துரலாம், தோவாளைப் பூவும் அங்க போகுது. அதனால அது மலையாளிகளோட ஊரு மட்டும்தான்னு யாராவது சொன்னாலும், இல்ல அது நம்ம ஊருதான்னு நம்மாளுங்க சண்டைக்குப் போனாலும் ரெண்டையும் நான் ஒத்துக்க மாட்டேன், ரெண்டு கூட்டமும் சேந்துதான் அத உண்டாக்கிருக்கு.

கேள்வி: அண்ணா, ஆர்க்கிடெக்சர் படிக்கேன். கோயில், அரண்மனை தவிர திருவனந்தபுரத்துல எதப் பாக்கணும்?
மாணவி, மார்த்தாண்டம்

பதில்: ரெண்டு பாரு தங்கச்சி. ஒண்ணு நேப்பியர் மியூசியம், கட்டி முடிச்சது 1880ல, சென்னை செனட் ஹவுஸ் கட்டின சிசம்தான் இதுக்கும் டிசைன் பண்ணினாரு. கலர் கலரா செங்கல், மேல நம்ம பக்கத்து முகப்புக் கூரை, உள்ள காத்து எப்பிடி வருதுன்னு நின்னு கவனி.

இன்னொண்ணு தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சுருண்டு சுருண்டு மேல ஏறுற இண்டியன் காபி ஹவுஸ், அது லாரி பேக்கர் கட்டினது. தரையே சரிவா ஏறிக்கிட்டுப் போகும், சுவரோரமா டேபிள், செங்கல்லுக்கு நடுவுல விட்ட ஓட்டை வழியா வெளிச்சமும் காத்தும் வரும். பர்மிங்காம்ல பிறந்தவரு, இங்கயே தங்கி, ஏழைங்களும் கட்டிக்கிட மாதிரி குறைஞ்ச செலவுல எத்தனையோ வீடு கட்டினாரு. ராட் ட்ராப் பாண்ட்னு செங்கல்ல குத்துவாட்டுல வச்சு நடுவுல பொள்ளலா விட்டுக் கட்டுவாரு, செங்கலும் மிச்சம், வீட்டுக்குள்ள சூடும் குறையும். நம்ம ஊர்ல இப்ப கண்ணாடி ஒட்டின வீடா கட்டி உள்ள ஏசி போட்டுக்கிட்டு இருக்கோம், பாக்கவே மனசு வலிக்கு, உன்ன மாதிரி பிள்ளைங்கதான் மாத்தணும்.

கேள்வி: எங்க தாத்தா சின்ன வயசுல பத்மநாபசாமி கோயிலுக்குள்ள போக விட்டதில்லன்னு சொல்லுவாரு. நெசமா?
வாசகர், பாறசாலை

பதில்: நெசம்தான். 1936 நவம்பர் 12ல சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் பிரவேச விளம்பரம் போட்ட பிறகுதான் திருவிதாங்கூர் அரசாங்கக் கோயிலுக்குள்ள எல்லா ஜாதி இந்துக்களும் போக முடிஞ்சது. அதுக்கு முன்ன கோயில் மட்டுமில்ல, ரோடு கூட எல்லாருக்கும் இல்ல, தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் போராடின வெங்ஙானூர் அய்யன்காளி 1893ல வில்லுவண்டில ஏறி பொது ரோட்டுல போனதே பெரிய போராட்டம். நம்ம தெக்குப் பக்கத்துல நாடார் பொம்பளைங்க மாரை மறைச்சுக்க எத்தனை வருஷம் அடி வாங்கினாங்க, 1859லதான் அரசாங்கம் இறங்கி வந்து உத்தரவு போட்டுச்சு. இதையெல்லாம் விட்டுட்டு கோபுரம் எத்தனை அடி, தூணு எத்தனைன்னு மட்டும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க அண்ணே, தயவுசெஞ்சு. திருவனந்தபுரத்துல விக்டோரியா மகாராணி பேர்ல 1896ல வந்த டவுன் ஹாலுக்கு 2019ல அய்யன்காளி பேரு வச்சாங்க, வெள்ளையம்பலம் ஜங்ஷன்ல அவருக்கு சிலை உண்டு, மியூசியத்துல இருந்து நடந்தே போயிரலாம். அடுத்த தடவை போறப்ப ரெண்டையும் காட்டுங்க, தாத்தா சொன்னதையும் அங்க வச்சே சொல்லுங்க.