குழந்தையை ஊரில் விட்டுவிடலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து நியூ ஜெர்சிக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். குறைமாதத்தில் பிறந்த பையனுக்கு விழித்திரைப் பாதிப்பு, வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, வயது ஒன்றேகால். இங்கே அவனுக்கு என்ன கிடைக்கும், இல்லை கொஞ்சம் வளரும்வரை அம்மாவிடமே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் ராயபுரம். என் மகளும் பார்வையில்லாமல் பிறந்தவள். இங்கேயே வளர்ந்து இப்போது ஹைஸ்கூல் போகிறாள்.

விடாதீர்கள். ஊரில் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குழந்தைக்கு இலவசக் கல்வியை உரிமையாகச் சொல்வது ஆறு வயதிலிருந்துதான். இங்கே பிறந்த நாளிலிருந்தே கணக்கு. மூன்று வயதுவரை வீட்டுக்கே டீச்சரை அனுப்பித் தரும் உதவியை 'எர்லி இன்டர்வென்ஷன்' என்பார்கள். டாக்டர் சீட்டு வேண்டாம், நீங்களே போன் செய்யலாம். அன்றிலிருந்து 45 நாளுக்குள் குழந்தையைப் பரிசோதித்து, உங்களோடு உட்கார்ந்து குடும்பத்துக்கான திட்டம் எழுத வேண்டும். பரிசோதனை இலவசம். அப்புறம் வருமானத்தைப் பொறுத்துப் பங்குத்தொகை கேட்கலாம், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பார்வையற்றோருக்கான மாநில ஆணையம் தனி. 1910 முதல் இருக்கிறது. அங்கேயும் பதியுங்கள்.

'அரசு உதவி வாங்கினால் கிரீன் கார்டு போய்விடுமா' என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இது கையில் காசு தரும் உதவி இல்லை, கல்விச் சேவை. எங்களுக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. சந்தேகமிருந்தால் வக்கீலைக் கேளுங்கள், வாட்ஸ்அப் மாமாக்களை வேண்டாம்.

வீட்டுக்கு வரும் டீச்சர் பையனுக்கு ஏதோ பாடம் நடத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் தயார் செய்வது உங்களைத்தான். பார்க்கிற குழந்தை கிலுகிலுப்பையைக் கண்டதும் தவழ்ந்து போகும். நம் பிள்ளைக்குக் கையைவிட்டுப் போன பொருள் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதே மெதுவாகத்தான் புரியும். அதனால் தவழ்வது தள்ளிப்போகலாம். தூக்குவதற்கு முன் 'தூக்கப் போறேன்' என்று சொல்ல வேண்டும். அவன் கையைப் பிடித்து இழுத்து எதையும் தொடவைக்கக் கூடாது. உங்கள் கையை அவன் கைக்கு அடியில் வைத்து, அவனாகத் தடவிப் பார்க்க விட வேண்டும். என் அம்மா வந்திருந்தபோது 'ஐயோ பாவம், கண்ணு தெரியாத புள்ள' என்று ஊட்டிக்கொண்டே இருப்பார். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் தட்டை மகள் முன்னால் நகர்த்தினார். தரையெல்லாம் ரசம் சாதம். அம்மா இரண்டு நாள் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

விளையாட்டுச் சாமான் நிறைய வாங்காதீர்கள். எவர்சில்வர் கிண்ணம், மத்து, முறம் போதும். கனம், சத்தம், சில்லென்ற தொடுகை எல்லாம் அதிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பழம் வேண்டாம், நிஜ ஆரஞ்சை உரிக்கட்டும். என் மகள் ரொம்ப நாள் மீன் என்றால் தட்டில் வரும் துண்டுதான் என்று நினைத்திருந்தாள். லீவில் காசிமேட்டில் ஒரு முழு வஞ்சிரத்தை வாலிலிருந்து செவுள்வரை தடவவிட்டோம். மீன்காரம்மா பொறுமையாகக் காத்திருந்தார், விலையைத்தான் குறைக்கவில்லை.

வீட்டில் தமிழே பேசுங்கள். 'இங்க பாரு' என்று சொல்லவும் தயங்க வேண்டாம். பின்னாளில் தமிழ் பிரெய்லும் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) படிக்கலாம், ஆங்கிலத்தைப் போல அதுவும் அதே ஆறு புள்ளிதான். 'ம'வுக்கும் ஆங்கில 'எம்'முக்கும் ஒரே வடிவம். நடக்க ஆரம்பித்ததும் வெள்ளைக் கோல் கேளுங்கள். நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் த பிளைண்ட் என்ற பார்வையற்றோர் சங்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் இலவசமாகத் தருகிறது.

மூன்று வயதில் பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு, போகும். பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே அதற்கான கூட்டம் நடக்க வேண்டும். அங்கே 'கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறதே, பிரெய்ல் எதற்கு' என்று யாராவது ஆரம்பித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். முறையாக மதிப்பிட்டு, தேவையில்லை என்று முடிவானாலொழிய பிரெய்ல் கற்பிக்க வேண்டும் என்பது சட்டம்.

இப்போதைக்கு ஊர் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் செய்த சிகிச்சைக் காகிதங்களை அம்மாவிடம் சொல்லி ஸ்கேன் செய்து வாங்குங்கள். அம்மாவை இங்கே வரவழைத்தால், டீச்சர் வரும் நாளில் அவரையும் பக்கத்திலேயே உட்காரவையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.