பயன்படுத்தாத கிரெடிட் கார்டால் வீட்டுக் கடன் நின்றுபோனது: என்ன செய்யலாம்?

கேள்வி: புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது ஒரு கிரெடிட் கார்டு எடுத்தேன். ஆயுள் முழுவதும் ஆண்டுக் கட்டணம் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். திருமணமாகிப் பண்ருட்டிக்கு வந்த பிறகு, நான்கு ஆண்டுகளாக அதைத் தொடவே இல்லை. இப்போது வீட்டுக் கடன் கேட்டால், அந்தக் கார்டில் ரூ.7,400 பாக்கி இருப்பதாகச் சிபில் அறிக்கை (கடன்களை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு) காட்டுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். வசூல் முகவர், ரூ.3,000 கட்டினால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கட்டிவிடலாமா? மற்ற இரண்டு கார்டுகளையும் ரத்து செய்துவிடட்டுமா?

பதில்: அந்த ரூ.3,000-ஐக் கட்டாதீர்கள், சகோதரி. குறைத்துக் கட்டிய கடன் உங்கள் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். வாங்கிய கடனை முழுதாகக் கட்டாதவர் என்பதுதான் வங்கிகளுக்கு அதன் பொருள். இன்று மிச்சமாகும் ரூ.4,400-க்காக, பல லட்ச ரூபாய் வீட்டுக் கடனை இழக்க வேண்டாம்.

சட்டம் பெருமளவு உங்கள் பக்கம் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை மூடும் நடவடிக்கையை வங்கியே தொடங்க வேண்டும். உங்களுக்குத் தகவல் அனுப்பி, 30 நாட்களில் பதில் வராவிட்டால் கணக்கை மூடிவிட வேண்டும். ‘பழைய புதுச்சேரி முகவரிக்கு அனுப்பினோம், பதில் இல்லை’ என்று வங்கி சொன்னால், அதுவே உங்களுக்குச் சாதகம். பதில் இல்லை என்பதால்தானே மூடியிருக்க வேண்டும்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாக்கி இல்லாத கணக்குக்குத்தான் இந்த விதி முழுமையாகப் பொருந்தும். ஆகவே இந்தப் பாக்கிக்குக் காரணமான முதல் கட்டணம் எந்த மாதம் விழுந்தது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. எல்லா மாதக் கணக்கு அறிக்கைகளையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மூடியிருக்க வேண்டிய நாளுக்குப் பிறகு விழுந்த கட்டணம் என்றால் உங்கள் வாதம் மிக வலுவானது. அதற்கு முன்பே விழுந்திருந்தாலும் வழி உண்டு. கட்டணங்களை மாற்றுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். இலவசம் என்று கொடுத்த கார்டுக்கு எப்போது, எப்படி அறிவித்தார்கள் என்று கேளுங்கள்.

வீட்டுக் கடன் அவசரம் என்றால், முழுத் தொகையையும் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். அதே மின்னஞ்சலில் கார்டை மூடவும் கோருங்கள். பாக்கி தீர்ந்த கணக்கை 7 வேலை நாட்களில் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும். நிலுவை இல்லை என்ற சான்றையும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

சிபில் நிறுவனத்திடமும் திருத்தம் கோரிப் புகார் பதியுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) இணையம் வழியாகப் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், நீங்களே எழுதுங்கள். மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்க விரும்பினால், வங்கியின் தலைமையகம் எங்கிருந்தாலும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.

மற்ற இரண்டு கார்டுகளையும் இப்போது ரத்து செய்யாதீர்கள். ஒன்றின் செலவு வரம்பு ரூ.1,00,000, மற்றது ரூ.50,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.40,000 செலவிட்டால், மொத்த வரம்பில் சுமார் 27 சதவீதம்தான். பெரிய கார்டை மூடிவிட்டால் அதே செலவு 80 சதவீதமாகிவிடும், உங்கள் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) இறங்கும். வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை இரண்டும் இருக்கட்டும். அதன் பிறகு, ஆண்டுக் கட்டணம் கேட்கும் கார்டு உங்களுக்குப் பயன்படவில்லை என்றால் தயங்காமல் மூடுங்கள். கட்டணமில்லாத பழைய கார்டை வைத்துக்கொண்டு, அவ்வப்போது மின்கட்டணம் செலுத்தி, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். இரண்டு கார்டுகளிலும் பண்ருட்டி முகவரியும் இப்போதைய கைப்பேசி எண்ணும் பதிவாகியிருக்கின்றனவா என்பதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.