செல்போன் கடை வைக்கலாமா? ஆலங்குளத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி: இந்தியா போன்ற வளரும் நாடுகளில் செல்போன் தொழில் இனியும் வளருமா? சிறிய ஊரில் செல்போன் கடை தொடங்கலாமா?

தொடங்கலாம். புது செட் விற்கிற லாபத்தை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள்.

இதே கேள்விக்கு இன்னொருவர், "எல்லோரும் இணையத்தில் வாங்குகிறார்கள், ஊர்க் கடைக்காரர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. ஆலங்குளத்தில் தென்காசி சாலையை ஒட்டி, அப்பா கடிகாரம் பழுது பார்த்த அதே சிறிய அறையில்தான் நான் செல்போன் கடை நடத்துகிறேன். அவர் கண்ணில் பொருத்திக்கொண்ட லென்ஸ் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மூட்டை எதுவும் கட்டவில்லை.

நீங்கள் பொறியியல் முடித்துவிட்டு ஊரில் இருப்பவர், வீட்டில் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மாமா ஒருவர் "இந்தக் காலத்தில் செல்போன் இல்லாதவன் யார்? கடை போட்டால் அள்ளலாம்" என்று ஏற்றிவிட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். மாமா சொன்னதில்தான் வில்லங்கம். எல்லோரிடமும் இருக்கிறதென்றால் புதிதாக வாங்க வருபவர் யார்?

முதல் செல்போன் வாங்க ஒரு தலைமுறையே வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அது எங்கள் ஊருக்குச் சம்பந்தமில்லாத செய்தி. அழைப்பவரும் காசு கட்டி எடுப்பவரும் காசு கட்டிய நாட்களில், அதை இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு முதலாளிமார்கூட, மணி அடித்தால் துண்டித்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவார்கள். 2003-ல்தான் உள்வரும் அழைப்பு இலவசமானது. அதே ஆண்டில் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ரிலையன்ஸ் கூவியது. நோக்கியா 1100 வந்ததும் அந்த ஆண்டுதான். தலையில் டார்ச், தூசி புகாத ரப்பர் பொத்தான்கள், கீழே போட்டாலும் சாகாத உடம்பு. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற செட் அது. மின்சாரம் போன மாலைகளில் எங்கள் தெருப் பெண்கள் அந்த டார்ச்சைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை இலவசமாக அள்ளி இறைத்தபோது இரண்டாவது அலை அடித்தது. பொத்தான் போன் வைத்திருந்தவரெல்லாம் டச் போனுக்கு மாறினார்கள். அந்த அலை ஓய்ந்துவிட்டது. மூன்றாவது அலை ஐந்தாம் தலைமுறை (5ஜி) என்றார்கள். 2022 அக்டோபரில் வந்தும்விட்டது. அதற்காகவே செட் மாற்றியவர்கள் என் கடையில் மிகக் குறைவு. திரை உடைந்தால், பேட்டரி உப்பினால், மகன் அடம்பிடித்தால் மாற்றுகிறார்கள். இனி இது பழையதை மாற்றுபவர்களின் சந்தை. சென்னையில் உட்கார்ந்து மேல்நோக்கி வளைந்த கோடுகளைப் படம் போட்டுக் காட்டுபவர்கள் சண்டைக்கு வரலாம். அவர்கள் கோடு பொய் என்று நான் சொல்லவில்லை. அது தயாரிப்பின் கோடு, ஏற்றுமதியின் கோடு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பீடித் தட்டை அம்மாவிடம் விட்டுவிட்டு அந்தப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். நாட்டுக்கு நல்லதுதான். அதனால் என் கல்லா நிறையாது. பொங்கலுக்கு வரும் மகள் தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, பழைய செட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பழைய செட்தான் என்னிடம் வருகிறது. என் பிழைப்பு அங்கே தொடங்குகிறது.

பீடி சுற்றுபவர்களின் போனை நீங்கள் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். காது வைக்கும் இடத்து வலைக்குள் புகையிலைத் தூள் பொடிப்பொடியாக ஏறி இறுகிக் கிடக்கும். "அண்ணாச்சி, எதிரில் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது, ஸ்பீக்கர் போய்விட்டது" என்று கொண்டுவருவார்கள். ஸ்பீக்கர் போயிருக்காது. வலையைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் சுரண்டினால் மேசை முழுவதும் புகையிலை நெடி பரவும். தும்மி முடித்துவிட்டுத் திரும்ப மாட்டினால் மணிபோல் கேட்கும். சார்ஜ் போடும் துளையிலும் இதே கதை, அங்கே ஊசிதான் வேலை செய்யும். இதற்கு இணையத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது? நகரத்துச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் "போர்டு மாற்ற வேண்டும்" என்று புது செட் விலையில் பாதியைச் சொல்வார்கள். சுற்றிய பீடிக்கு எண்ணிக் கூலி வாங்குபவர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

இணைய விற்பனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் ஷாவ்மி இணையத்தில் மட்டும் விற்று இந்தியாவுக்குள் நுழைந்தபோது என்னைப் போன்றவர்கள் ஆடிப்போனது உண்மை. வாடிக்கையாளர் என் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே அந்த விலையைத் திரையில் காட்டிப் பேரம் பேசுவார். ஆனால் அதே நிறுவனம் 2017-ல் சொந்தக் கடை திறந்தது. ஊர்க் கடைகளையும் தேடி வந்தது. விவோவும் ஓப்போவும் தொடக்கத்திலிருந்தே கடைக்காரர்களைப் பிடித்துக்கொண்டு, நீலப் பலகையும் பச்சைப் பலகையுமாக ஊர் ஊராக வளர்ந்தன. கையில் வாங்கிப் பார்த்து, கேமராவில் தன் முகத்தைப் பார்த்து, "பாட்டு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது?" என்று சோதித்துவிட்டுத்தான் எங்கள் ஊர் பணத்தை எடுக்கும். இது மாறாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு மாறவில்லை.

லாபம் எங்கே என்றால், செட்டில் மிகக் குறைவு. 2020 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்தச் சுமையும் விலையில் ஏறிக்கொண்டது. ரீசார்ஜில் கிடைப்பது சில்லறை, அதையும் இப்போது பிள்ளைகள் வீட்டிலிருந்தே போட்டுவிடுகிறார்கள். பவுச், டெம்பர் கிளாஸ், சார்ஜர், ஹெட்போன் ஆகியவற்றில்தான் கடை வாடகை வருகிறது. சோற்றுக்குப் பழுது வேலை.

என்னை எரிச்சல்படுத்தும் ஒன்று உண்டு. கென்யாவில் 2007-ல் எம்-பெசா என்று செல்போன் வழியே பணம் அனுப்பும் முறை வந்தது. அங்கே பணத்தைப் போடுவதும் எடுப்பதும் தெருக்கடை முகவர்கள் மூலமாக, அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் கமிஷன். ஆப்பிரிக்கச் சந்தையைப் பிடித்த டிரான்ஷன் என்ற சீன நிறுவனத்தின் ஐடெல் செட்டைத்தான் நானும் இங்கே விற்கிறேன். செட் ஒன்று, பிழைப்பு வேறு. நம் நாட்டில் யு.பி.ஐ. வங்கிக்கும் வங்கிக்கும் நேராகப் போகிறது. 2020 ஜனவரியிலிருந்து வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்றும் ஆனது. டீக்கடைக்காரர் வாழ்த்துகிறார், நானும் வாங்குகிறேன், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செயலியைப் போனில் ஏற்றி, ரகசிய எண் அமைத்து, "இதை யாரிடமும் சொல்லாதீர்கள் ஆச்சி" என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்குக் கூலி என்று ஒரு காலணா எந்த வழியிலும் வரவில்லை. யு.பி.ஐ.க்கு எதிரானவன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள், நடப்பைச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், போன் இல்லாமல் இருக்கவே முடியாத நிலையை அரசாங்கமே உண்டாக்கிவிட்டது. 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஆயிரம் ரூபாய் வந்ததா என்று குறுஞ்செய்தி பார்த்துச் சொல்லும்படி என் கடை வாசலில் கூட்டம் நின்றது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவைச் செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றானது. பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு டச் போன் வாங்க வந்தார். வருங்கால வைப்பு நிதி எடுக்க வேண்டுமா, ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணின் சிம் செத்துப்போயிருந்தால் பணம் கிடைக்காது. குறைந்தபட்ச ரீசார்ஜ் போடாமல் சிம்மை உயிரோடு வைக்க முடிந்த காலமும் 2018-ஓடு முடிந்துவிட்டது. எனவே தேவை குறையாது. ஆனால் தேவை கூடுவதும் வாங்கும் சக்தி கூடுவதும் ஒன்றல்ல.

பழுது வேலையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி திருநெல்வேலி சந்திப்புக்குள்ளேயே வந்துவிட்டது. அங்குள்ள கடைகளே தண்ணீரில் நின்றதால், பாதை திறந்ததும் பஸ் ஏறி எங்கள் பக்கம் செட்டைக் கொண்டுவந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அரிசிக்குள் புதைத்து வைத்துவிட்டு வந்தவர்கள். அரிசி ஈரத்தை இழுக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! துளைக்குள் தவிட்டுப் பொடியும் ஆற்று வண்டலும் சேர்ந்து களியாகி நின்றது. முதலில் பேட்டரி இணைப்பைப் பிரிக்க வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் ஈரம் பட்ட இடமெல்லாம் பச்சை பூத்துவிடும். பிறகு போர்டைக் கழற்றி, தகரக் கவசத்தைச் சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி வைத்துத் தூக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்துத் தேய்த்து, சூடு காட்டி உலர்த்தி, எந்தச் சில்லு (ஐ.சி.) ஷார்ட் ஆகியிருக்கிறது என்று மீட்டர் வைத்துத் தேட வேண்டும். வாழைத்தார் வியாபாரி ஒருவருக்கு செட்டே வேண்டாம். உள்ளிருந்த எண்களும், யார் எவ்வளவு தர வேண்டும் என்று படம் பிடித்து வைத்திருந்த நோட்டுப் பக்கங்களும்தான் வேண்டும். வேறொரு உடைந்த செட்டின் திரையை மாட்டி உயிர் கொடுத்தபோது, அவர் எனக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, வரிசையாக ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பாக்கி கேட்க ஆரம்பித்துவிட்டார். இந்த வேலையைத் தள்ளுபடி விலைக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்து செய்துதரட்டும், நான் கடையைச் சாத்துகிறேன்.

தண்ணீரைவிடப் பெரிய எதிரி தூசி. அதைப் பேசினால் சாலையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி தென்காசி சாலையை நான்கு வழியாக்கும் வேலை எங்கள் வாசலில் எத்தனை காலம் இழுத்தது என்பது இந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். நிழல் தந்த மருத மரங்கள் முதலில் போயின. பிறகு தோண்டினார்கள், மூடினார்கள், குழாய்க்காக மறுபடி தோண்டினார்கள். கடைக்கு ஏறும் படிக்கும் சாலைக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டிவிட்டு மூடி போடாமல் போனார்கள். வாடிக்கையாளர் உள்ளே வரப் பலகை போட்டது நான். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். திறந்த போர்டின்மேல் செம்மண் படிந்து, பார்த்த வேலையை மறுபடி பார்த்தவனுக்குச் சம்பந்தம் உண்டு. கடைக்கு வாடகை பேசும்போது சாலைத் திட்டம் ஏதாவது வருகிறதா என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தவணை விற்பனை இன்னொரு பள்ளம். முன்பணம் இல்லை என்று சொல்லி நிதி நிறுவனத்தின் ஆள் உங்கள் கடையிலேயே நாற்காலி போட்டு உட்காருவார். விற்பனை கூடும். தவணை தவறினால் சில நிறுவனங்கள் செட்டைத் தொலைவிலிருந்தே பூட்டிவிடுகின்றன. அப்படிப் பூட்டிய போனோடு வந்த ஒரு பெண் என்னைத்தான் திட்டினார். நிறுவனத்தின் முகம் அவருக்குத் தெரியாது, என் முகம் தெரியும். இன்றும் நான் தவணையில் விற்கிறேன். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் "கட்டாவிட்டால் பூட்டிக்கொள்ளும் மதினி" என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு, போகட்டும்.

இனி வரப்போவது என்று கேட்டால், மலிவு செட் இன்னும் அரிதாகும். தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை விழுங்குவதால் அவற்றின் விலை ஏறி, செட் விலையிலும் தெரிகிறது. விலை ஏறினால் மக்கள் ஒரே செட்டை நீண்ட நாள் ஓட்டுவார்கள். பழைய செட்டுக்குக் கிராக்கி கூடும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே மாதம் வந்த பிறகு திருட்டு செட்டைக் கண்டுபிடிப்பதும் முடக்குவதும் எளிதாகிவிட்டது. ஆகவே பழையது வாங்கினால் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பாருங்கள், அந்தத் தளத்தில் சரிபாருங்கள், விற்பவரின் அடையாள அட்டை நகலை வாங்கி வையுங்கள். நண்பனின் தம்பி என்றாலும் விடாதீர்கள்.

கடை அலங்காரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை எடுத்து நல்ல மைக்ரோஸ்கோப் ஒன்று வாங்குங்கள். யாராவது பழைய கை ஒருவரிடம் சம்பளம் கேட்காமல் கொஞ்ச காலம் உட்காருங்கள். ஆலங்குளத்திலேயே தொடங்குவதாக இருந்தால், தயவுசெய்து என் கடை வரிசையை விட்டுவிடுங்கள் தம்பி. இங்கே ஏற்கெனவே ஆள் அதிகம்.